நகரக் காவல் சங்கம் என்றால் என்ன? இன்று அதை மீட்டெடுக்க முடியுமா?

ரெம்பிராண்ட் 1642-ல் வரைந்து முடித்த ‘இரவுக் காவல்’ ஓவியத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். கறுப்பு உடையில் சிவப்புப் பட்டை அணிந்த ஒருவர் கையை நீட்டி ஏதோ உத்தரவு சொல்கிறார். வெளிர்மஞ்சள் உடையில் இருப்பவர் அதைக் கேட்டபடி கூடவே நடக்கிறார். பின்னால் துப்பாக்கி, ஈட்டி, கொடி, முரசு என ஒரே பரபரப்பு. பார்த்தவுடன் போருக்குப் புறப்படும் படை என்றுதான் தோன்றும்.

உண்மையில் இவர்கள் ஆம்ஸ்டர்டாமின் ஒரு வட்டாரத்தைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக்காரர்கள். கை நீட்டிப் பேசும் கேப்டன் ஃபிரான்ஸ் பானிங் காக், ஜெர்மனியின் ப்ரேமெனிலிருந்து பிழைக்க வந்த மருந்துக்கடைக்காரரின் மகன், சட்டம் படித்தவர். சார்ஜன்ட் ராம்பவுட் கெம்ப் துணி வியாபாரி. மற்றவர்களும் வியாபாரம், தொழில் என்று இருந்தவர்கள்தான். முரசு அடிப்பவர் மட்டும் கூலிக்கு வந்தவர். ஓவியத்துக்கான பணத்தையும் இவர்களே பங்கு போட்டுக் கொடுத்தார்கள். படத்தில் யார் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து, தலைக்கு 100 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) அளவில் கூடவோ குறையவோ கட்டினார்கள். தங்கள் சங்கக் கட்டடத்தின் பெரிய கூடத்தில் மாட்டுவதற்காகத்தான் அவ்வளவு பெரிய படம்.

இப்படிப்பட்ட அமைப்பைத்தான் இந்தக் கட்டுரையில் நகரக் காவல் சங்கம் என்று சொல்கிறேன். டச்சுக்காரர்கள் ‘ஸ்குட்டரெய்’ என்பார்கள். ஊரில் குடியிருக்கும் சாதாரண ஆட்கள் சொந்தச் செலவில் ஆயுதம் வாங்கி, முறை போட்டு ஊரைக் காவல் காப்பார்கள். அந்தக் காவலை ஒட்டி வழிபாடு, விருந்து, போட்டி, சாவு வீட்டுக் கடமை எல்லாமாகச் சேர்ந்து ஒரு முழு வாழ்க்கையே வளர்ந்தது. பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இத்தாலி, இங்கிலாந்து என்று ஐரோப்பாவின் பல நாடுகளில் இதன் வகைகள் இருந்தன.

நகரங்களில் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்களுக்குக்கூட ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரிவதில்லை என்ற கவலை வரும்போதெல்லாம், இந்தப் பழைய சங்கங்களை மீட்டால் என்ன என்ற யோசனையும் கூடவே வருகிறது. நல்ல யோசனை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எதை மீட்பது என்பதில் தெளிவு வேண்டும். பலரும் சீருடையையும் வில்லையும் கொடியையும் மீட்கிறார்கள். சங்கத்தைச் சங்கமாக வைத்திருந்தது முறை போட்டுச் செய்த வேலை. அதை விட்டுவிட்டு மற்றதை மீட்டால் வருஷத்துக்கு ஒருநாள் ஊர்வலம்தான் மிஞ்சும்.

எப்படித் தொடங்கியது

13, 14-ஆம் நூற்றாண்டுகளில், இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்து பக்கத்து ஃபிளாண்டர்ஸ், ப்ரபாந்த், ஹாலந்து பகுதிகளில் நகரங்கள் மளமளவென்று வளர்ந்தன. நெசவும் வியாபாரமும் பணம் கொண்டுவந்தன. பணம் வந்த ஊருக்கு மதில் வேண்டும், மதிலுக்குக் காவல் வேண்டும். அப்போது போலீஸ் கிடையாது. மன்னர்களிடமும் எப்போதும் தயாராக நிற்கும் படை பெரிதாக இல்லை. ஆகவே ஊர்க்காரர்களே நின்றார்கள். 1302 ஜூலை 11-ல் கோர்ட்ரெய்க் அருகே ஃபிளாண்டர்ஸ் நகரங்களின் கைவினைஞர்கள் கால்நடையாக நின்றே பிரெஞ்சுக் குதிரை வீரர்களைத் தோற்கடித்தார்கள். அந்தத் தேதியைத்தான் இன்றும் ஃபிளாண்டர்ஸ் தன் திருநாளாகக் கொண்டாடுகிறது. நெசவாளிகளும் கசாப்புக்காரர்களும் சேர்ந்தால் என்ன செய்ய முடியும் என்பதை ராஜாக்கள் அன்று கண்டுகொண்டார்கள்.

இந்தச் சூழலில்தான் வில்லாளிகளுக்கென்று தனிச் சங்கங்கள் தோன்றின. காலால் மிதித்து நாணேற்றும் குறுக்குவில் ஒரு சங்கத்துக்கு, கைவில் இன்னொன்றுக்கு, பிற்பாடு துப்பாக்கி மூன்றாவதுக்கு. குறுக்குவில்காரர்கள் பெரும்பாலும் புனித ஜார்ஜையும், கைவில்காரர்கள் புனித செபாஸ்தியாரையும் பாதுகாவலராக வைத்துக்கொண்டார்கள். ஊர்க் கோயிலில் சங்கத்துக்கு ஒரு பீடம் இருக்கும். ஆண்ட்வெர்ப் பேராலயத்தில் ரூபன்ஸ் வரைந்த ‘சிலுவையிலிருந்து இறக்குதல்’ என்ற பிரம்மாண்டமான பீட ஓவியம், அந்த ஊர்த் துப்பாக்கிச் சங்கம் சொல்லி வரைந்ததுதான்.

பயிற்சிக்கு நகரம் நிலம் கொடுத்தது. ‘டூலன்’ என்று அதற்குப் பெயர். நீளமான தோட்டம், கடைசியில் இலக்கு, பக்கத்தில் கூடம். ஆம்ஸ்டர்டாமின் நடுவில் கைவில் தெரு, கால்வில் தெரு என்று இரண்டு தெருக்கள் இன்றும் இருக்கின்றன. ராட்டர்டாமின் பெரிய இசையரங்கின் பெயரே டெ டூலன். ஊர்களுக்கு நடுவில் இவ்வளவு விலையுள்ள நிலத்தை நகரம் இவர்களுக்கு ஒதுக்கியது என்பதைக் கவனியுங்கள். வரிச் சலுகை, குடிக்க ஒயின், உடைக்குத் துணி என்று மற்ற மானியங்களும் உண்டு.

லண்டனில் 1537-ல் எட்டாம் ஹென்றி இப்படி ஒரு சங்கத்துக்குச் சாசனம் கொடுத்தார். அதில் ஒரு விதி: உறுப்பினர் அம்பு விடுவதற்கு முன் ‘ஃபாஸ்ட்’ என்று உரக்கக் கத்திவிட்டால், அதற்குப் பிறகு வழியில் போகிற ஒருவர் மேல் அது பட்டு அவர் செத்தாலும் எய்தவர் மேல் குற்றமில்லை! ஊர் நடுவில், ஜனங்கள் போய்வரும் இடத்தில், வாராவாரம் அம்பு பறந்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அந்தச் சங்கம் ஹானரபிள் ஆர்ட்டிலரி கம்பெனி என்ற பெயரில், ராணுவத்தின் தன்னார்வப் பிரிவாகவும் அறக்கட்டளையாகவும் இன்றுவரை லண்டனில் இயங்குகிறது.

வட்டாரமும் முறையும்

1570-களில் ஸ்பெயின் மன்னருக்கு எதிராக ஹாலந்து நகரங்கள் கிளர்ந்தபோது காவல் சங்கங்களின் பாத்திரம் மாறியது. ஹார்லெம் நகரம் 1572 டிசம்பரிலிருந்து அடுத்த ஜூலைவரை முற்றுகையில் தாக்குப்பிடித்தது. கடைசியில் பசியால் விழுந்தது. அதே 1573 அக்டோபரில் அல்க்மார் தாக்குப்பிடித்து ஜெயித்தது. ஆம்ஸ்டர்டாமில் 1578 மே 26-ல் காவல் சங்கத்தாரின் துணையோடு, ரத்தம் சிந்தாமல், பழைய ஆட்சியாளர்களைப் படகில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்பினார்கள். ஊரில் ஆட்சி மாற வேண்டுமா, நிலைக்க வேண்டுமா என்பது இவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

அதற்குப் பிறகு ஆம்ஸ்டர்டாம் போன்ற நகரங்களில், விரும்பினவர்கள் சேரும் சங்கம் என்ற நிலை போய், வட்டாரவாரியாகப் படைப்பிரிவுகள் வந்தன. ஒரு வட்டாரத்துக்கு ஒரு பிரிவு. ஒரு கேப்டன், ஒரு லெஃப்டினன்ட், ஒரு கொடிக்காரர். நம் ஓவியத்தில் இருப்பது இரண்டாம் வட்டாரம். கொடிக்காரர் கல்யாணமாகாதவராக இருக்க வேண்டும் என்பது வழக்கம். சண்டையில் எதிரி முதலில் குறிவைப்பது கொடியைத்தான் என்பதால், அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம் தவிக்கக் கூடாது.

வேலை என்னவென்றால், சாயங்காலம் கூடுவது, வாயில்கள் பூட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பது, அன்றைய அடையாளச் சொல்லை வாங்கிக்கொள்வது, அப்புறம் தெருத்தெருவாகச் சுற்றுவது. மர வீடுகள் நெருங்கி நின்ற ஊரில் பெரிய பயம் தீ. அடுத்தது குடித்துவிட்டு அடிதடி, அதற்கடுத்தது கலவரம். எதிரிப் படை வந்தது அபூர்வம். தீயும் தகராறும் தினமும். சொன்ன இரவில் வராதவர் அபராதம் கட்ட வேண்டும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இந்த முறைதான். இன்று இரவு உங்கள் முறை என்றால், பக்கத்துத் தெரு ரொட்டிக்கடைக்காரரோடும், உங்களுக்குப் பிடிக்காத எதிர்வீட்டுக்காரரோடும் சேர்ந்துதான் குளிரில் நடக்க வேண்டும். நட்பாக இருங்கள் என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. யார் சொன்ன நேரத்துக்கு வருவார், யார் தூங்கிவிடுவார், யார் பதற்றத்தில் கத்துவார் என்பதெல்லாம் கூட நடந்தால் தானாகத் தெரிந்துவிடும். இந்த அறிவுதான் அக்கம்பக்கம். ஒன்றாக உட்கார்ந்து காபி குடிக்கும் கூட்டங்களில் இது கிடைப்பதில்லை. ஒரு வேலைக்குப் பொறுப்பேற்றுக்கொண்டால்தான் கிடைக்கும்.

விருந்தும் வெள்ளியும்

வேலை இருந்ததால் விருந்துக்கு அர்த்தம் இருந்தது. ஹார்லெமில் அதிகாரிகளின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். முடிந்ததும் விருந்து, கூடவே ஒரு குழு ஓவியம். ஃபிரான்ஸ் ஹால்ஸ் 1616-ல் தொடங்கி வரைந்த அந்த விருந்துப் படங்கள் ஹார்லெமில் அவர் பெயரிலேயே உள்ள அருங்காட்சியகத்தில் தொங்குகின்றன. ஒருவர் இறைச்சியை வெட்டப் போகும் நேரத்தில் திரும்பிப் பார்க்கிறார், ஒருவர் கையில் கோப்பை, ஒருவர் பேச்சு நடுவில். இந்த விருந்துகள் நாள்கணக்கில் நீண்டு நகரத்தின் கஜானாவைப் பதம் பார்த்ததால், 1621-ல் ஹார்லெம் நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது: விருந்து மூன்று நாளைக்கு மேல் போகக் கூடாது, மிஞ்சிப்போனால் நாலு நாள்!

இன்னொரு வழக்கம் ‘ராஜா’வைத் தேர்ந்தெடுப்பது. உயரமான கம்பத்தின் உச்சியில் மரப்பறவை ஒன்றை வைப்பார்கள். ஒவ்வொருவராகச் சுட, கடைசித் துண்டைக் கீழே வீழ்த்தியவர் அந்த வருஷத்து ராஜா. ப்ரபாந்தில் தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தால் சக்கரவர்த்தி. பணக்காரர், ஏழை, குலப்பெருமை எதுவும் இதில் செல்லாது. கை நடுங்காமல் இருந்தால் போதும். ராஜாவுக்குக் கிடைப்பதைவிடச் செலவுதான் அதிகம். சங்கத்தாருக்கு விருந்து வைக்க வேண்டும். கூடவே, ஒரு வெள்ளித் தகடு செய்து சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும்.

அந்தத் தகடுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உள்ளங்கை அளவு வெள்ளித் தகட்டில் ராஜாவின் பெயர், வருஷம், பெரும்பாலும் அவர் தொழிலைக் காட்டும் ஒரு சின்னச் சித்திரம். மாவரைப்பவர் என்றால் காற்றாலை, கொல்லர் என்றால் பட்டடை, விவசாயி என்றால் ஏர். பழைய சங்கங்களில் நூற்றாண்டுக்கணக்கில் இப்படிச் சேர்ந்த தகடுகள் ஒரே அங்கியில் கோத்துத் தைக்கப்பட்டிருக்கும். புது ராஜா அதை அணிந்து நடக்கும்போது கிலுகிலுவென்று சத்தம் கேட்கும். ஊர்க்காரர்களின் தொழில் வரலாறு முழுவதும் ஒரு மனிதரின் தோளில் தொங்குகிறது என்றுதான் சொல்ல வேண்டும். கல்வெட்டில் மன்னர்கள் பெயர்தான் இருக்கும். இங்கே ரொட்டிக்கடைக்காரர் பெயர் இருக்கிறது.

உறுப்பினர் இறந்தால் சங்கத்தார் எல்லோரும் வர வேண்டும், சவப்பெட்டியைத் தூக்க வேண்டும், வராவிட்டால் அபராதம். ப்ரபாந்துச் சங்கங்களில் இந்த வழக்கம் இன்றும் மதிப்போடு நடக்கிறது.

ஏன் தேய்ந்தது

ஒரே காரணம் கிடையாது. சங்கத்துக்குள்ளேயே ஓட்டை இருந்தது. ஆயுதம் சொந்தமாக வாங்க வேண்டும் என்பதால் ஏழைகளுக்கு ஆரம்பத்திலிருந்தே இடமில்லை. வசதி கூடக் கூட, தன் இரவு முறைக்குக் கூலி ஆளை அனுப்பிவிட்டு வீட்டில் தூங்கும் பழக்கம் பரவியது. அதிகாரிப் பதவிகள் ஆளும் குடும்பங்களின் மகன்களுக்கும் மருமகன்களுக்கும் போயின. 1748-ல் ஆம்ஸ்டர்டாம் மக்கள் துப்பாக்கிச் சங்கத்தின் டூலனில் கூடி, அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கேட்டுப் போராடியதே இதனால்தான். 1790-களில் பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் பெல்ஜியப் பகுதிக்கு வந்தபோது சங்கங்களைக் கலைத்துச் சொத்தைப் பறிமுதல் செய்தார்கள். நெதர்லாந்தில் 1827-ல் ஒரு சட்டம் ஸ்குட்டரெய்யை அரசின் துணைப்படை மாதிரி ஆக்கியது. 1907-ல் அதுவும் முடிந்தது.

வெளியிலிருந்து வந்த அடி பெரிதுதான். ஆனாலும் காசு கொடுத்து முறையிலிருந்து தப்பிக்கலாம் என்ற வழி திறந்த நாளிலேயே சங்கம் பாதி போய்விட்டது என்பது என் எண்ணம்.

இன்றும் உயிரோடு இருப்பவை

முழுவதும் அழிந்துவிடவில்லை. ப்ரூஜ் நகரில் புனித செபாஸ்தியார் வில்லாளர் சங்கம் 1573-லிருந்து அதே கட்டடத்தில் இருக்கிறது. நாடிழந்து அங்கே தங்கியிருந்த இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ்கூட அதில் உறுப்பினராகச் சேர்ந்தார். ஜெர்மனியில் துப்பாக்கிச் சங்கங்களின் பெரிய கூட்டமைப்பு 1861-ல் கோதாவில் தொடங்கியது. இன்று அதில் சுமார் 13 லட்சம் உறுப்பினர்கள். நாய்ஸ், ஹனோவர் போன்ற ஊர்களில் சங்கத் திருவிழா வந்தால் ஊரே தெருவில் இருக்கும்.

மீட்டெடுப்புக்கு பிரஸ்ஸல்ஸின் ‘ஒம்மெகாங்’ ஊர்வலம் நல்ல உதாரணம். சப்லோன் பகுதியிலிருந்த குறுக்குவில்காரர்களின் சங்கம் 14-ஆம் நூற்றாண்டில் தொடங்கி வைத்த மாதா ஊர்வலம் அது. நடுவில் நின்றுபோனது. பெல்ஜியத்தின் நூற்றாண்டான 1930-ல் மறுபடி தொடங்கினார்கள்; 2019-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பார்க்க அழகு, குறை சொல்ல மனம் வராது. ஆனாலும் பெரும்பாலானவர்கள் பார்வையாளர்களாக வந்துவிட்டுப் போகும் நிகழ்ச்சி அது.

அதோடு லிம்பர்க் மாகாணத்தின் வழக்கத்தை வைத்துப் பாருங்கள். நெதர்லாந்து, பெல்ஜியம் இரண்டு பக்கத்து லிம்பர்க் ஊர்களின் சங்கங்களும் வருஷத்துக்கு ஒருமுறை ஜூலையில் ஒரு பெரிய போட்டிக்குக் கூடுகின்றன. ஆறு பேர் கொண்ட அணி, கனமான பழைய பாணித் துப்பாக்கியால் உயரத்தில் வரிசையாக வைத்த சிறு மரக்கட்டைகளைச் சுட வேண்டும். தவறவிட்ட அணி வெளியே; மிஞ்சினவர்களுக்குள் மறுபடி மறுபடி சுற்று. ஜெயித்த சங்கத்துக்கு ஒரு கோப்பை உண்டு. ஆனால் உண்மையான பரிசு, அடுத்த வருஷப் போட்டியைத் தன் ஊரில் நடத்தும் பொறுப்பு! ஆயிரக்கணக்கானோருக்கு இடம், கூடாரம், சாப்பாடு, வண்டி நிறுத்த வயல், கழிப்பறை எல்லாம் ஒரு சின்னக் கிராமம் ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த ஒரு வருஷம் அந்த ஊரில் வேலையில்லாமல் யாரும் இருக்க முடியாது. பரிசாக வேலையைக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர்கள் சமூகம் எப்படி நிலைக்கிறது என்பதை நன்றாகப் புரிந்தவர்கள்.

இத்தாலியில் சியெனா. அங்கே 17 ‘கொன்த்ராதா’க்கள். ஆமை, நத்தை, வாத்து, அலை என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு சின்னம். இவற்றின் வேர் இடைக்கால நகரத்தின் வட்டாரப் படைகள். ஒருகாலத்தில் இன்னும் அதிகமாக இருந்து, குறைந்து, 1729-ல் ஆளுநராக இருந்த பவேரியாவின் வியோலாந்தே பெயாத்ரிச்சே எல்லைகளை வரையறுத்த பிறகு 17 என்று நிலைத்தன. ஜூலை 2, ஆகஸ்ட் 16 இரண்டு நாள் நடக்கும் குதிரைப் பந்தயம்தான் உலகம் அறிந்தது. சேணம் இல்லாமல் மைதானத்தை மூன்று சுற்று, ஒன்றரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

அந்த ஒன்றரை நிமிஷத்துக்குப் பின்னால் ஒரு முழு வருஷம் இருக்கிறது. ஒவ்வொரு கொன்த்ராதாவுக்கும் சொந்தக் கோயில், சொந்த அருங்காட்சியகம், சொந்த நீரூற்று, உறுப்பினர்கள் கூடும் சொந்த மன்றம். குழந்தை பிறந்தால் அந்த நீரூற்றில் வட்டார ஞானஸ்நானம். பந்தயத்துக்கு முந்தின இரவு தெருவிலேயே நீள மேசைகள் போட்டு நூற்றுக்கணக்கானோர் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். சமைப்பது, பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் உறுப்பினர்கள்தான். பதின்வயதுப் பிள்ளைகள்தான் தட்டு தூக்குகிறார்கள். கொடி வீசவும் முரசு அடிக்கவும் சிறுவர்களுக்கு மூத்தவர்கள் கற்றுக்கொடுக்கிறார்கள். வாடகை ஏறி மதிலுக்கு வெளியே குடிபோனவர்கள்கூட சாயங்காலம் தங்கள் வட்டாரத்துக்குத் திரும்பி வருகிறார்கள். படை என்ற வேலை போய் நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் வேறு வேலைகளைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள், முறையை மட்டும் விடவில்லை.

ஆபத்துகள்

மீட்பது என்று வந்தால் சில விஷயங்களை நேராகப் பேசிவிட வேண்டும். முதலாவது, யார் உள்ளே, யார் வெளியே என்பது. பழைய காலத்தில் ஆயுதம் வாங்க முடியாத ஏழைகளும், பெரும்பாலும் பெண்களும் வெளியே. ஆம்ஸ்டர்டாமில் யூதர்களுக்கு இடமில்லை. ஆயுதம் ஏந்த மறுத்த மென்னோனைட் கிறிஸ்தவர்கள் பணம் கட்டி விலகி நின்றார்கள். இது பழங்கதை மட்டும் இல்லை. 2014-ல் ஜெர்மனியின் வெர்ல் பகுதியில் துருக்கிய வம்சாவளி முஸ்லிம் ஒருவர் மரப்பறவையை வீழ்த்தி ராஜா ஆனார். உள்ளூர்க்காரர்கள் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள். மேலே இருந்த கத்தோலிக்கச் சங்கங்களின் கூட்டமைப்பு, கிறிஸ்தவர் அல்லாதவர் ராஜாவாக முடியாது என்று பட்டத்தைத் திருப்பிக் கேட்டது. பெரிய விவாதம் எழுந்து, கடைசியில் அவர் ஊர் அளவில் ராஜாவாகவே இருந்தார்; மேல்மட்டப் போட்டிகளுக்குப் போகவில்லை. சில ஆண்டுகளில் கூட்டமைப்பு தன் விதிகளைத் தளர்த்தியது. கூடவே வேலை செய்த உள்ளூர்க்காரர்களுக்கு அவர் தங்களில் ஒருவர் என்பதில் சந்தேகமே வரவில்லை. சந்தேகம் வந்தது தூரத்தில் விதிப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு.

இரண்டாவது, துப்பாக்கி. 2009-ல் வின்னெண்டன் ஊரில் பள்ளியில் நடந்த கொலைகளுக்குப் பயன்பட்டது, துப்பாக்கிச் சங்க உறுப்பினரான தந்தை வீட்டில் பூட்டி வைக்காமல் விட்ட கைத்துப்பாக்கி. அதன் பிறகு ஜெர்மனியில் ஆயுத விதிகள் இறுகின. என் கருத்து கறாரானது: புதிதாகத் தொடங்கும் நகரச் சங்கத்துக்குத் துப்பாக்கி தேவையே இல்லை. போட்டி வேண்டும் என்றால் வில் இருக்கிறது, மரப்பறவை இருக்கிறது.

மூன்றாவது, அரசியல் கை. சீருடை அணிந்து ஒழுங்காக அணிவகுக்கும் மக்கள் கூட்டத்தைப் பார்த்தால் சர்வாதிகாரிகளுக்கு ஆசை வரும். 1933-க்குப் பிறகு நாஜி அரசு ஜெர்மானியச் சங்கங்களைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது அப்படித்தான். நகரத்துக்குப் பதில் சொல்லாமல், தாங்களே காவலர்கள் என்று ஆயுதத்தோடு கிளம்பும் கும்பல்களை யாரும் இந்தச் சங்கங்களோடு சேர்த்துப் பேசக் கூடாது. பழைய சங்கத்துக்குச் சாசனம் கொடுத்தது நகரம், உறுதிமொழி வாங்கியதும் நகரம்.

இன்றைக்கு என்ன வேலை?

இரவில் வாயில் பூட்ட இன்று யாரும் தேவையில்லை. திருடனைப் பிடிப்பது போலீஸின் வேலை. அதைச் சங்கத்திடம் கொடுத்தால் வட்டாரத்தில் புதிதாகத் தெரியும் முகமெல்லாம் சந்தேகத்துக்குரியதாகிவிடும். வேறு இடத்தில் தேட வேண்டும்.

தேடினால் கண்முன்னே இருக்கிறது. ஜெர்மனியில் தீயணைப்பு வேலையின் பெரும்பகுதியைத் தன்னார்வலர்கள்தான் செய்கிறார்கள். சுமார் 10 லட்சம் பேர். ரொட்டி சுடுகிறவரும் ஆசிரியரும் மணி அடித்ததும் ஓடுகிறார்கள். பழைய காவல் சங்கத்தின் உண்மையான வாரிசு யார் என்று கேட்டால், துப்பாக்கிச் சங்கத்தைவிட இவர்களைத்தான் காட்டுவேன். நெதர்லாந்தில் நீர் வாரியங்களுக்குக் ‘கரைப்படை’ என்று தன்னார்வலர்கள் உண்டு. ஆற்றில் வெள்ளம் ஏறினால் அவரவருக்கு ஒதுக்கிய கரைத்துண்டை நடந்து பார்த்து, எங்கே ஈரம் கசிகிறது, எங்கே மண் சரிகிறது என்று சொல்ல வேண்டும். வெள்ளம் இல்லாத வருஷத்திலும் பயிற்சிக்கு வர வேண்டும். இன்னார் பொறுப்பு இந்தத் துண்டு என்று பெயர் எழுதியிருக்கிறது; அதுதான் விஷயம்.

நகர வட்டாரங்களிலும் இப்படிப்பட்ட வேலைகள் கிடக்கின்றன. வெயில் அலை வரும் நாள்களில் தனியாக இருக்கும் முதியவர்களின் கதவைத் தட்டிப் பார்ப்பது, மின்சாரம் நீண்ட நேரம் போனால் கூடத்தைத் திறந்து வைப்பது, மழையில் அடைக்கும் வடிகால் வாய்களைக் கவனிப்பது, வட்டாரத்தில் யாராவது ஆளில்லாமல் இறந்தால் அடக்கத்துக்குப் போய் நிற்பது. கடைசியாகச் சொன்னது சங்கத்தின் மிகப் பழைய கடமை. ஆம்ஸ்டர்டாமில் உறவினர் யாரும் இல்லாமல் இறப்பவர்களின் அடக்கத்தில் ஒரு கவிஞர் போய்க் கவிதை வாசிக்கும் வழக்கம் இருக்கிறது. அதோடு அந்தத் தெருக்காரர்கள் ஆறு பேரும் பெட்டியைத் தூக்க வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அளவு சின்னதாக இருக்க வேண்டும். முழு நகரத்துக்கு ஒரு சங்கம் என்றால் அது இன்னொரு அலுவலகம். சில தெருக்கள், சில நூறு குடும்பங்கள் போதும். ஆம்ஸ்டர்டாமின் வட்டாரப் பிரிவுகள் பயன்பட்டதற்கே அதுதான் காரணம். பதவிக்காலம் ஹார்லெம் மாதிரி மூன்று ஆண்டுகள், அதற்குப் பிறகு இறங்கிவிட வேண்டும். முறைக்குப் பதில் பணம் கட்டும் வழி எந்தப் பெயரிலும் இருக்கக் கூடாது. வர முடியாதவர் இன்னொரு நாளோடு மாற்றிக்கொள்ளட்டும், நடக்க முடியாதவர் தொலைபேசி முறையை எடுக்கட்டும். விருந்தைக் கண்டிப்பாக வையுங்கள். வெள்ளித் தகட்டையும் வையுங்கள். அதில் இன்றைக்குப் பொட்டலம் கொண்டுவந்து தருகிறவரின் சைக்கிளோ நர்ஸின் கடிகாரமோ பொறிக்கப்பட்டிருக்கும்.

வாடகைக்கு வந்து இரண்டு வருஷத்தில் வீடு மாறுகிறவர்களை எப்படிச் சேர்ப்பது என்பதுதான் கஷ்டமான கேள்வி. இன்றைய பெரு நகரங்களில் பாதி பேர் இப்படித்தான். பிறப்பாலும் சொத்தாலும் உறுப்பினராக்கினால் இவர்கள் வெளியே நிற்பார்கள், சங்கம் பழைய குடும்பங்களின் மன்றமாகச் சுருங்கும். ஆகவே வந்த முதல் மாதத்திலேயே முறைப் பட்டியலில் பெயர் ஏற வேண்டும், முதல் முறையை முடித்த அன்றே வாக்குரிமை வர வேண்டும். வீடு மாறினால் புது வட்டாரத்தின் பட்டியலுக்குப் பெயர் போகட்டும். செய்த முறைகளின் கணக்கும் கூடவே போகட்டும்.

நகராட்சியின் பங்கு அதிகமில்லை, ஆனால் அது இல்லாமல் நடக்காது. அந்தக் காலத்து டூலன் மாதிரி ஒரு கூடம், அதன் சாவி, வேலையின்போது அடிபட்டால் காப்பீடு, அப்புறம் உண்மையான ஒரு பொறுப்பு. தவறினால் யாராவது பாதிக்கப்படுவார்கள் என்ற அளவுக்கு உண்மையான பொறுப்பாக அது இருக்க வேண்டும். ஒரு வட்டாரச் சங்கத்திடம் முதலில் வெயில்கால முதியோர் பட்டியலைக் கொடுத்து ஒரு கோடை பார்க்கலாம். முறை தவறாமல் கதவுகள் தட்டப்பட்டிருந்தால் அடுத்த வருஷம் வடிகாலையும் கொடுக்கலாம். இல்லையென்றால் பட்டியலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, யாருடைய முறையில் விட்டுப்போனது என்று அவர்கள் கூடத்திலேயே உட்கார்ந்து பேச வேண்டும்.